மூலை மேஜைக் கப்

“அந்தத் தாத்தா ஏன்ப்பா காலிக் கப்பைக் குடிக்கிறாரு?”

மகள் கேட்ட பிறகுதான் புகைப்படக்காரர் தன் படத்தை உற்றுப் பார்த்தார். காபிக் கடையின் மாடிப்படியிலிருந்து எடுத்தது. பெரியவர் தூக்கிய கப்புக்குள் ஒரு சொட்டுக் காபி இல்லை. உடனே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டார்.

“சார், காபிக்கடைக் கட்டுரையில அந்தப் பெரியவர் படம் வேண்டாம் சார்.”

“ஏன்யா? என்னமா ரசிச்சுக் குடிக்கிறாரு! அதுக்குத்தான் முழுப் பக்கம்.”

“கப் காலி சார். வாங்கின மாதிரி காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. புது முதலாளி கண்டுபிடிச்சா வெளியே தள்ளிடுவாரு.”

“அச்சாகிப் போச்சேப்பா. நான் என்ன பண்ண?”

கடவுளைக் கும்பிடுவதைத் தவிர புகைப்படக்காரருக்கும் வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலை, கல்லாவில் முதலாளி பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் படம் இருந்த பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. மூலை மேஜையில் பெரியவர் கண்ணயர்ந்திருந்தார். புகைப்படக்காரர் சூடாக ஒரு காபி வாங்கி, யாரும் பார்க்காதபோது காலிக் கப்பை எடுத்துவிட்டு அதை வைத்தார்.

இருபது வருஷத்துக்கு முன், வேலையில்லாமல் இதே மேஜையில்தான் புகைப்படக்காரர் ஒதுங்கியிருந்தார். யாரும் துரத்திவிடாதபடி, தினமும் ஒரு காலிக் கப்பை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போன சர்வர், இந்தப் பெரியவர்தான்.