மல்லாந்து நீந்துபவை

பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, வெளிநாட்டில் ஆளில்லாத பங்களாவின் நீச்சல்குளத்தைப் பராமரிக்கும் தெய்வேந்திரனுக்கு, எட்டு மாதமாகப் பேச்சுத்துணை அதில் மல்லாந்து நீந்தும் பூச்சிகள்தான். வீடியோ காலில் குளத்தைப் பார்த்த சூப்பர்வைசர், "செத்த பூச்சியா மிதக்குதேய்யா. நாளைக்கு முதலாளி வர்றாரு. அள்ளிப் போட்டுட்டு மருந்த ஊத்து" என்றார்.

"சாகல சார். அதுக நீந்துறதே அப்படித்தான்."

"நீயும் மல்லாந்துக்கிட்டேதான சம்பளம் வாங்குற. ஊத்துய்யா."

அவன் வலையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தான் குளிக்கும் வாளியில் விட்டான். இரண்டு தடவை சுருக்கென்று கடி வாங்கினான். மருந்தை ஊற்றிவிட்டுத் திரும்பியபோது, வாளி விளிம்பில் ஏறிய ஒன்று குப்புறப் புரண்டு இறக்கையை விரித்தது. அதன் பின்னாலேயே எல்லாம் மதிலைத் தாண்டிப் பறந்தன.

"பறக்கத் தெரிஞ்சுமாடா இத்தன நாளு எங்கூடக் கிடந்தீங்க?" என்றான்.