ஆடி அமாவாசைக்கு வந்தவள்

தேனுகா செருப்பைக் கழற்றி மணலில் விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றபோது, ஆடி அமாவாசைக்குக் கூடியிருந்த கடற்கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

இறந்துபோன தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். எங்கு பார்த்தாலும் ஈர வேட்டிகள். வரிசையில் அவள் ஒருத்திதான் பெண்.

ஊர் பார்த்தது அதற்காக மட்டுமல்ல.

சாமி என்று ஒன்று இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொன்னவள் அவள். அதன்பிறகு தேர்வடம் தொட்டதில்லை, நெற்றியில் திருநீறு வைத்ததில்லை. துறைமுகத்தில் மின்சார வேலைக்குச் சேர்ந்த பிறகும், கேட்டவர்களுக்கெல்லாம் அதையே ஒளிக்காமல் சொல்லி வந்தாள்.

கோயில் சபையில் இருக்கிற வினோதன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“தேருக்கு வராத பிள்ளைக்கு இண்டைக்கு மட்டும் சாமி வேணுமாக்கும்?”

“சாமி வேண்டாம், அண்ணை. நாள்தான் வேணும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வினோதன் விடவில்லை.

“நம்பாதவைக்கு இஞ்ச என்ன நாள்?”

“நம்பாத ஆக்களின்ர வீட்டிலயும் சாகினம்தானே.”

சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கேஸ்வரி மாமி ஓடி வந்தாள். தேனுகாவின் அப்பா கதிரவேலின் அக்கா. விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வாங்கப் போனவள், செய்தி கேட்டுப் பையோடு அப்படியே வந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“கடைசியில வந்திட்டாய். என்ர தம்பியின்ர மனம் குளிரும்.” தேனுகாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வினோதனைப் பார்த்தாள். “அவள் என்ர தம்பியின்ர பிள்ளை. நிண்டிட்டுப் போகட்டும்.”



தர்ப்பணத்தை முடித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த அண்ணன் விதுசன் அவளை வியப்போடு பார்த்தான். வருடா வருடம் அவன்தான் செய்வான். அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

வரிசை நகர்ந்தது.

மாரி மழையில் சைக்கிள் பாரில் அவளை இருத்தி, துவாயால் அவளுடைய தலையை மூடிவிட்டு, தான் நனைந்தபடி பள்ளிக்கூடத்துக்கு மிதித்த மனிதரை அவள் நினைத்துக்கொண்டு நின்றாள். சாமி இல்லையென்று அவள் சொன்னதற்காக ஊரே குதித்தபோது, அவர் மட்டும் கோப்பையில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தார். “படைச்சவன் கோவிச்சா நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ சாப்பிடு, மகள்.”

அவர் இறந்தபோது அவருடைய வீட்டில் அவளுக்கு நிற்க ஓர் இடம் இருக்கவில்லை. கேற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். வந்தவர்கள் வீட்டாருக்கு ஆறுதல் சொன்னார்கள், அவளை அந்த வீட்டாளென்று எண்ணி ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனாள். எல்லோரோடும் சேர்ந்து நின்று தகப்பனை நினைக்க அவளுக்கும் ஒரு நாள் தேவைப்பட்டது. ஊரிடம் இருந்தது இந்த நாள்தான்.

அவளுடைய முறை வந்தது.

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். பெண் என்பதற்காகச் சற்றுத் தயங்கிவிட்டுத் தர்ப்பையை எடுத்தார்.

“தகப்பனாரின்ர பேர்?”

“கதிரவேல், ஐயா” என்றாள் மாமி பின்னாலிருந்து.

தேனுகா இல்லையென்று தலையை அசைத்தாள்.

“அபூதாஹிர்.”

குருக்களின் கை அந்தரத்தில் நின்றது.

“பிள்ளை, என்ன சொல்லுறாய்?” மாமியின் குரல் உடைந்தது. “உன்ர அப்பாவின்ர பேரைச் சொல்லு.”

“அவருக்கு அண்ணா செய்திட்டான், மாமி.”

சுனாமியில் கதிரவேல் போய், அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பியபோது, மாமி பெடியனை மட்டும் எடுத்துக்கொண்டாள். பெட்டையை வளர்த்துக் கரைசேர்க்கத் தன்னால் ஏலாது என்றாள். அந்தப் பெட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர், கதிரவேலோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த அபூதாஹிர்.

தேனுகா அதை யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மாமியின் கை அவளுடைய தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

“இந்தப் பேருக்கு மந்திரம் சொல்ல எனக்கு ஏலாது, பிள்ளை” என்றார் குருக்கள். குரலில் கோபம் இல்லை.

“மந்திரம் வேண்டாம், ஐயா. எள்ளு மட்டும் தாங்கோ.”

“குடுக்காதேங்கோ ஐயா” என்று வினோதன் கத்தினார்.

குருக்கள் அவரைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த எள்ளை அள்ளி அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

அவள் கடலுக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நின்று, கையை விரித்தாள். எள் கறுப்பாகப் பரந்து அலையோடு போனது.

“வாப்பா!”

கச்சான் காற்று குரலைக் கடல் பக்கம் கொண்டு போனது. கரையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

அவள் கரைப் பக்கம் திரும்பி நின்றாள். இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.