இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம்

“புது மருந்தை அவங்க இலவசமாவே கொடுத்தாலும் நமக்குக் கட்டுப்படியாகாது சார்.”

பொருளாதார ஆய்வாளர் இதைச் சொன்னதும், அதுவரை கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பழைய மாத்திரை ஒன்று இருக்கிறது. அரசே வாங்கிக் கொடுக்கிறது. அதோடு புது மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் போட்ட பணத்துக்குத் தகுமா என்று இந்தக் குழு சொல்ல வேண்டும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். எந்தக் கோரிக்கையும் அவர் மேசையிலிருந்து முழுசாகத் திரும்பியதில்லை. கூட்டத்துக்குத் தரும் பிஸ்கட்டையே ஆளுக்கு ஒன்றாகக் குறைத்த புண்ணியவான்.

“சும்மா கொடுத்தா எப்படிம்மா நஷ்டம் வரும்?”

ஆய்வாளர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பலமுறை சரிபார்த்த கணக்குதான். ஆனால் வாய்விட்டுச் சொல்வது இதுவே முதல் தடவை.

“ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா நோயாளிங்க ரொம்ப நாள் இருக்காங்க சார். இருக்கிற வரைக்கும் பழைய மாத்திரையையும் சாப்பிடுறாங்க. அந்த விலைதான் உதைக்குது.”

“அப்போ, அவங்க சாகாததுதான் சிக்கல்?”

“கணக்குப்படி... ஆமா சார்.”

முதலில் வெடித்தது மருந்தியல் பேராசிரியர். குடித்த தண்ணீர் புரையேறியது. பிறகு அறையே சிரித்தது. கத்தரிக்கோலும் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடியே எழுந்தார்.

“இதுல நான் உட்காரக் கூடாது. முதல்லயே சொல்லியிருக்கணும். துணைத் தலைவர் நடத்தட்டும்.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மருந்துக் கம்பெனியில் மச்சான் யாராவது இருப்பாரோ என்று கணக்கு அதிகாரி கிசுகிசுத்தார். திடீர்ப் பதவியில் திணறிய துணைத் தலைவர், சாகாமல் இருப்பதை ஒரு குறையாக எழுதத் தனக்குக் கை வராது என்றார். பழைய மாத்திரைக்காரரைக் கூப்பிட்டு விலையைக் குறைக்கச் சொல்வது, குறைத்தால் இரண்டையும் கொடுப்பது என்று முடிவாயிற்று. எல்லாக் கையும் உயர்ந்தது.

ஆய்வாளருக்குத்தான் அப்பாடா என்றிருந்தது. தலைவரிடம் சொல்ல வெளியே ஓடினார்.

அவர் மாடிப்படி ஜன்னலோரம் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் மனைவி என்பது அதட்டலிலேயே தெரிந்தது.

“இன்னைக்கும் மாத்திரையை மறந்துட்டியா? முதல்ல போட்டுக்கோ. நீ இருக்க இருக்க அரசாங்கத்துக்கு நஷ்டமாம்டி. நல்லா வை நஷ்டம்!”