நிமிர்ந்து நின்றவள்

"எந்திரிம்மா! தலைவி ஆகப்போறவ தரையில என்னத்தத் தேடுற?"

பயிற்சி கொடுக்க வந்த பிராப்வா தலையில் அடித்துக்கொண்டாள். டீ கொண்டு வந்த மாணவி, கோப்பையை நீட்டும்போதே முழங்காலில் நின்றாள். கம்பாலாவில் கல்லூரிப் பெண்களுக்கான தலைமைப் பயிற்சி முகாம் அது. ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியும், பெரியவர் யாரைக் கண்டாலும் பெண்கள் பொத்தென்று முட்டி போட்டுவிடுகிறார்கள். நடை பழகும்போதே வந்த பழக்கம், லேசில் போகுமா?

கல்லூரி முதல்வர் லுவெமா பல்லைக் காட்டினார். "நாளைக்கு நிறைவு விழா மேடம். சிறப்பு விருந்தினர் உள்ளே வர்றப்போ ஒருத்தியாவது நிமிர்ந்து நின்னா, அடுத்த வருஷமும் உங்க முகாம் உண்டு. இல்லேன்னா சமையல் வகுப்புதான்!"

"நிப்பா சார். நாகிட்டோ நிப்பா."

நாகிட்டோதான் அவளுடைய ஒரே நம்பிக்கை. மற்றவர்கள் பாயில் காலை மடித்து உட்கார, அவள் மட்டும் முதல் நாளே நாற்காலி கேட்டு வாங்கினாள். நடையோ, அவசரமே இல்லாத ராணி நடை. பாதிரியார் வந்தபோதுகூட நின்றபடியேதான் வணக்கம் சொன்னாள்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் தரை புரளும் கொமேசி அங்கி உடுத்தி வந்திருந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே வந்தவர் வேறு யாருமில்லை, பிராப்வாவின் சொந்த அத்தை! சின்ன வயதில் அவளுக்கு முட்டி போடப் பழக்கியதே அந்த அம்மாள்தான். வேண்டுமென்றே அழைத்திருக்கிறார் படுபாவி லுவெமா.

பெண்கள் மளமளவென்று சரிந்தார்கள். "நல்லாயிருக்கீங்களா அத்தை?" என்று ஒரு குரல் பணிவாகக் கேட்டது. அது தன் குரல்தான் என்பதும், தானும் தரையில் இருப்பதும் பிராப்வாவுக்கு அப்புறம்தான் உறைத்தது.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாகிட்டோ மட்டும் நெட்டக்குத்தலாக நின்றுகொண்டிருந்தாள். அத்தை முகம் சுளித்தார். லுவெமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

பிராப்வா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "என் மானத்தக் காப்பாத்திட்டடி! எங்கேர்ந்துடி வந்துச்சு இவ்வளவு தைரியம்?"

நாகிட்டோ திருதிருவென்று விழித்தாள். பிராப்வாவின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

"மரியாதை தெரியாதவன்னு நினைச்சுடாதீங்க மேடம். இங்க வர்ற வழியில பைக்லேர்ந்து விழுந்து முழங்கால்ல தையல் போட்டிருக்கு. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு மறைச்சுட்டேன். நாளைக்குத் தையல் பிரிச்சதும், உங்க அத்தை வீட்டுக்கே போய் முட்டி போட்டுட்டு வந்துடுறேன்!"