அவர் கைப்பக்குவம்

மூன்றாவது கிண்ண நூடுல்ஸ் சூப்பும் இரண்டே வாயில் திரும்பி வந்தது. அதை ஏந்தி வந்த பரிமாறும் பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன.

"என்னவாம்?" என்றார் சமையல் மாஸ்டர்.

"ரொம்ப நல்லாயிருக்காம், மாஸ்டர். ஆனா அவங்க வீட்டுக்காரர் கைப்பக்குவம் இது இல்லையாம்."

அந்த உணவகத்தில் நூடுல்ஸ் மரக்கிளையில் தொங்கிக்கொண்டு வரும். முட்டை கூழாங்கல் வேடம் போட்டு வரும். கண்ணாடிக் கூண்டைத் தூக்கினால் புகை விலகி மீன் தெரியும். இவற்றுக்கெல்லாம் மேலாக மாஸ்டர் கொண்டுவந்திருந்த புதுமை, 'நினைவுத் தட்டு'. வாடிக்கையாளர் தம் மனத்தை விட்டு அகலாத ஒரு சுவையைச் சொன்னால் போதும். அதை அப்படியே சமைத்துத் தருவார்.

இதுவரை வந்தவர்கள் அனைவரும் மறைந்துபோனவர்களின் சமையலையே கேட்டிருந்தனர். அவர்களில் ஒருவர்கூட முழுத் திருப்தியோடு எழுந்து போனதில்லை.

முதலாளி சமையலறை வாசலில் கைகட்டி நின்றார். "மாஸ்டர், இந்தம்மாவும் உதட்டைப் பிதுக்கிட்டுப் போனா, நாளையிலேருந்து இங்க பஃபேதான். பஃபேக்கு நீங்க எதுக்கு? கரண்டி பிடிக்கத் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போதும்."

மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து வைத்துவிட்டு, தாமே ஆறாம் மேசைக்குச் சென்றார்.

அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் அங்கே நிமிர்ந்து அமர்ந்திருந்தார். எதிரே இருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய பார்வை அதன் மீதே நிலைத்திருந்தது.

"மன்னிக்கணும்மா. ஐயா அந்த சூப்பை எப்படி வைப்பார்னு கொஞ்சம் விளக்கமா சொல்ல முடியுமா? பேசறதுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்."

"கஷ்டம்தான் தம்பி. இருந்தாலும் சொல்றேன்." அம்மையார் நீண்ட மூச்சொன்றை விட்டார். "முதல்ல இஞ்சி. லேசா வதக்குறதெல்லாம் அவருக்குப் பிடிக்காது, கருகணும். நூடுல்ஸை அடுப்புல போட்டுட்டுப் பேப்பர் படிக்கப் போயிடுவார். உப்பு ரெண்டு தடவை போடுவார். முதல் தடவை போட்டது ஞாபகம் இருக்காது. சோயா சாஸை அளக்கறதே இல்ல, பாட்டிலோட கவுத்துடுவார்."

பரிமாறும் பெண் மூக்கை உறிஞ்சினாள். "எவ்வளவு உன்னிப்பா கவனிச்சிருக்கீங்கம்மா!"

"வேற வழி?" என்றார் அம்மையார்.

மாஸ்டர் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தார். இஞ்சி பொன்னிறத்தைத் தொட்டவுடன் அவருடைய கை தானாகவே வாணலியை இறக்கப் போயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக எதையும் கருக விட்டறியாத கை அது. இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், கருகுற வாசனை வருது!" என்று முதலாளி பதறினார்.

"வரட்டும்."

"நூடுல்ஸ் களியாகுது, மாஸ்டர்!"

"ஆகட்டும். அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க."

மாஸ்டர் முக்காலியில் அமர்ந்து, செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். பிறகு எழுந்து உப்புப் போட்டார். சிறிது நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, மீண்டும் உப்புப் போட்டார். சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்க்கும்போது மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

நான்காவது கிண்ணத்தை அவரே கொண்டுபோய் வைத்தார்.

அம்மையார் ஒரே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அவருடைய கண்கள் இறுக மூடின. தொண்டைக்குழி சிரமத்துடன் ஏறி இறங்கியது. இமையோரத்தில் நீர் திரண்டது. மேசை மீதிருந்த தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்த பின்புதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"இதேதான்," என்றார். "அச்சு அசல் இதேதான். துளிகூட மாறல."

பரிமாறும் பெண் வாய்விட்டு அழுதாள். அடுத்த மேசைக்காரர்கள் கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக மௌனம் காத்தனர். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பஃபேயும் வேண்டாம், கிஃபேயும் வேண்டாம். நினைவுத் தட்டு நிரந்தரமா இருக்கட்டும், மாஸ்டர்," என்று அவருடைய தோளைப் பற்றி அழுத்தினார்.

மாஸ்டர் அம்மையாரைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்க மனசு நிறைஞ்சா எனக்கு அது போதும்மா. வேற ஏதாவது வேணும்னா தயங்காம கேளுங்க."

அம்மையார் வாயைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தார். "நாளைக்கு மதியம் ரெண்டு பேருக்கு ஒரு மேசை வேணும், தம்பி. இதே சூப்தான். ஆனா ஒரு கிண்ணம் போதும்."

"கூட யாரும்மா வர்றாங்க? பையனா, பொண்ணா?"

"அவர்தான் வர்றார். அடுத்தவங்க சமைச்சதுன்னாத்தான் அவருக்குக் குறை தெரியும்."