பூட்டி வைத்த பெயர்

"இன்னிக்குள்ள கண்டுபிடிங்க. யாரா இருந்தாலும் சரி, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

டயாலிசிஸ் சென்டர் மேனேஜர் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த பெண் தலையாட்டினாள். தினமும் மதியம் எல்லா கவுன்ட்டரிலும் கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடுகிறது. சரிசெய்யாவிட்டால் கான்ட்ராக்ட் போய்விடும்.

மதியம் வந்தது. எல்லாம் நின்றது. அவள் திரையைத் துருவினாள்.

மூன்றாவது கவுன்ட்டர்! யாரோ ஒரு நோயாளியின் பக்கத்தைத் திருத்துவதற்குத் திறந்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அதை மூடும்வரை மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் வரிசையில் காத்து நிற்க வேண்டியதுதான்.

நாற்காலி காலி.

"அவருக்கு 'டீ பார்ட்டி'ன்னே பட்டப்பேரு. பூகம்பமே வந்தாலும் இந்த நேரத்துக்கு அவருக்கு டீ குடிச்சாகணும்" என்றாள் பக்கத்து கவுன்ட்டர்க்காரி.

இத்தனை நோயாளிகள் தவிக்க, இவருக்கு டீ கேட்குதா? பல்லைக் கடித்தபடி இறங்கிப் போனாள்.

டீக்கடையில் அவர் இல்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் இருந்தார். ஒரு அம்மாளைக் கைத்தாங்கலாக பஸ்ஸிலிருந்து இறக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது கவுன்ட்டர் நீங்கதானே சார்?"

அவர் முகம் வெளுத்தது. அந்த அம்மாளை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"ரெண்டு பஸ் மாறி வராங்கம்மா. தினம் யாராவது ஒருத்தர் இப்படித்தான். கொஞ்சம் லேட்டானா கம்ப்யூட்டரே அன்னிக்கு டயாலிசிஸ் லிஸ்ட்லேருந்து பேரை அழிச்சிடுது. ஒரு நாள் மறந்துபோய்ப் பக்கத்தை மூடாம விட்டேன். அன்னிக்கு அழியல. அப்புறம் வேணும்னே விட ஆரம்பிச்சேன். அதனாலதான் எல்லாம் நிக்குதுன்னு சத்தியமா தெரியாது."

அவள் நேராகப் போய் வேலையில் உட்கார்ந்தாள். தொடாமல் விட்ட பக்கம் இனி தானே மூடிக்கொள்ளும். கூடவே ஒரு புது பட்டன்: 'வந்துகொண்டிருக்கிறார்'. அதை அழுத்தினால் பெயர் அழியாது.

சோதித்துப் பார்த்தாள். ஒரு கம்ப்யூட்டரும் மூச்சு வாங்கவில்லை.

"யாரும்மா அந்த ஆளு?" என்றார் மேனேஜர், எல்லோர் முன்னாலும்.

"யாரும் இல்ல சார். கோளாறு எங்க புரோகிராம்லதான். சரி பண்ணியாச்சு."

மேனேஜர் அவளைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்கம்மா! டீ பார்ட்டி வெளியே போற நேரத்துலதான் எல்லாம் நிக்குது. எங்கே அவர் பேரைச் சொல்லிடுவீங்களோன்னு உதறிக்கிட்டே இருந்தேன். சக்கர நாற்காலி கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. தினமும் அதை அவருக்குத் திருட்டுத்தனமா எடுத்துக் கொடுக்கிறதே நான்தான்!"