வெளுக்காத கோடுகள்

"போன வருஷம் புதுசா சுவரை உடைச்சு வச்ச ஜன்னல் சார் இது. சிமெண்ட்டைப் பாத்தாலே தெரியும்," என்றார் கலீல்.

வக்கீல் ஜோஸ்வின் ஜன்னலைச் சுற்றியிருந்த பூச்சைத் தட்டிப் பார்த்தார். புதுப் பூச்சுதான். சட்டமும் புது மரம்.

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லி, கோர்ட் அவரைக் கமிஷனராக அனுப்பியிருந்தது. பாலக்கரைச் சந்து ஒன்றில், நஜ்முன்னிசாவின் மாடி அறையில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரான கலீல் தன் வீட்டுக்கு மாடி எடுக்கிறார். அந்தச் சுவர் எழும்பினால் இந்த ஜன்னல் மறைந்துபோகும். அறைக்கு வேறு ஜன்னல் கிடையாது. அதனால்தான் நஜ்முன்னிசா கேஸ் போட்டிருந்தாள்.

இருபது வருஷத்துக்கு மேல் வெளிச்சம் வந்துகொண்டிருந்த ஜன்னல் என்றால் அதை அடைக்கச் சட்டம் விடாது. புது ஜன்னல் என்றால் நஜ்முன்னிசாவுக்கு வேறு வழி இல்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த ஜன்னலடியில்தான் தைக்கிறாள். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வை, தொட்டில் விரிப்பு, திரை. ஸ்ரீரங்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து வாங்கிப் போகிறார்கள்.

டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். வெயில்தான் நிறத்தைப் பிரித்துக் காட்டும். கணவன் மௌத்தான பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்த மேற்கு வெயில்.

"பழைய போட்டோ ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார் ஜோஸ்வின்.

"ஜன்னலை யாருங்க சார் போட்டோ எடுப்பாங்க?"

போன வருஷ மழையில் சுவர் ஊறிப் பெயர்ந்து விழுந்தது. கொத்தனார் எல்லாவற்றையும் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசினார். செல்லரித்த மரச்சட்டத்தை மாற்றினார். இரும்புக் கம்பிகள் மட்டும் பழையவை. அவள் அதைச் சொன்னாள்.

"பழைய இரும்புக் கடையில கிடைக்காத கம்பியா சார்?" என்றார் கலீல்.

ஜோஸ்வின் பேனாவைத் திறந்தார்.

அவர் எழுதத் தொடங்கும்போது படியில் காலடி கேட்டது. முக்காடு போட்ட ஒரு பெண் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். மார்போடு ஒரு துணியை அணைத்திருந்தாள்.

நஜ்முன்னிசா திகைத்துப்போனாள். கேஸ் என்று ஆன பிறகு சந்தில் ஒருவரும் இந்தப் படி ஏறியதில்லை.

"அக்கா, போன வருஷம் பிள்ளைக்கு விரிக்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனேனே, உங்க பழைய திரை. இது உதவுமான்னு பாருங்க."

நஜ்முன்னிசா அதை மறந்தே போயிருந்தாள். சுவர் பூசியபோது, புதுப் பூச்சுக்குப் புதுத் திரை இருக்கட்டும் என்று கழற்றிப் போட்டது. கல்யாணமான புதிதில் தைத்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி. கைக்குழந்தைக்கு உறுத்தாது என்று இவள்தான் கேட்டு எடுத்துப்போனாள்.

ஜோஸ்வின் திரையை விரித்தார்.

ஒரு காலத்தில் அதில் சிவப்பும் பச்சையும் மயில்கழுத்து நிறமும் கட்டம் கட்டமாக இருந்தன. இப்போது எல்லாம் ஆற்றுமணல் நிறம்.

ஆனால் மேலிருந்து கீழாகச் சில கோடுகள். விரல் அகலம் இருக்கும். அந்தக் கோடுகளுக்குள் மட்டும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பச்சை பச்சையாகவே இருந்தது.

"இது என்னம்மா, கோடு கோடா?"

நஜ்முன்னிசா திரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

நிறம் பார்த்து முடித்ததும், தைத்த துணி வெயிலில் வெளுக்காமலிருக்க, திரையைக் கம்பியோடு ஒட்ட இழுத்துக் கட்டுவது அவள் வழக்கம். அதற்கென்றே நான்கு மூலையிலும் நாடா தைத்திருந்தாள். எத்தனை முறை துவைத்தாலும் அதே நாடா, அதே கம்பி.

முதல் நாடாவைப் பார்த்துக் கட்டினாள். மற்ற மூன்றையும் விரல்களே கட்டிக்கொண்டன.

விலகி நின்றாள்.

சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடித்தது. மெலிந்த துணி வழியே கம்பிகள் தெரிந்தன. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு கம்பியின் மேல் போய் உட்கார்ந்தது.

நடுக்கம்பி இடுப்பில் சற்று வளைந்திருக்கும். துணியிலும் நடுக்கோடு அதே இடத்தில், அதே பக்கம் வளைந்திருந்தது.

ஜோஸ்வின் கிட்டே போய் அந்த வளைவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போன வருஷமே கழட்டின திரை," என்றார் ஜோஸ்வின் மெதுவாக. "அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் வெயில் அடிச்சா, எத்தனை தடவை துவைச்சா துணி இப்படி ஆகும்? சொல்லுங்க கலீல் பாய்."

கலீல் வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

நஜ்முன்னிசாவுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சந்துக்கே கேட்கும்படி சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரித்தாள். சாயம் போயிடுச்சே என்று ஒவ்வொரு துவைப்புக்கும் அந்தத் துணியைத் திட்டியிருக்கிறாள்.

ஜோஸ்வின் போனை எடுத்து, நேராகவும் பக்கவாட்டிலும் வளைவின் கிட்டே போயும் படம் பிடித்தார். பிறகு வாசலில் நின்றிருந்த பெண்ணிடம் திரும்பினார்.

"இதைக் கொண்டுவந்தது நீங்க. அறிக்கையில எழுதணும். உங்க பேரு?"

"ஸஹ்ரா."

"வீட்டுக்காரர் பேரு?"

ஸஹ்ரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

"கலீல். இந்தா நிக்கிறாங்களே, இவங்கதான்."